நிலத்துக்கு உடையவர் யார்?

மும்பையில் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், ஊர் எது, வேலை என்ன என்னும் வினாக்களுக்கு அடுத்தபடியாக எழுவது, “வீடு சொந்தமா?” என்பதே. இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடையிறுப்பது நம்மவர் வழக்கம். தாராவியில் தகரக் கூரையின்கீழ் வாழ்பவரும் “சொந்தந்தான்” என்பார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகப் பகடி வீட்டில் இருப்பவர் “சொந்தம் மாதிரிதான்” என்பார். செம்பூரில் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் நான்காம் மாடியில் வாழ்பவரோ, இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்பதுபோல் புன்னகை புரிவார். இம்மூவரின் பத்திரங்களையும் ஒருசேர விரித்துப் பார்த்தால், பெரும்பாலும் மூவருக்குமே காலடியிலுள்ள மண் உரியதாக இராது என்பதைச் சென்ற ஓராண்டாக நான் கற்று வருகிறேன்.

கற்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தன். அன்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் எனக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் வாழ்கிறேன். பணி ஓய்வு பெற்றால் சில மாதங்களில் அதைக் காலி செய்தாக வேண்டும். நாற்பதைக் கடந்த எவனுக்கும் வரும் கவலை எனக்கும் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் பாட்டனார் வழியில் வந்த 72 சென்ட் புன்செய் இருக்கிறது; அதை விற்றுச் சேமிப்பையும் கடனையும் சேர்த்துச் செம்பூரில் ஒரு வீடு வாங்கலாம் என்பது திட்டம். அதனால் ஊர்ப் பட்டா ஒரு கட்டாகவும், செம்பூர் வீட்டின் ஒப்பந்த நகல் மற்றொரு கட்டாகவும் என் மேசைமேல் வந்து சேர்ந்தன. மூன்றாவதாக ஒரு தாளும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

‘சொந்தம்’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதை நம் முன்னோர் அப்படிக் குறிக்கவில்லை. விளைச்சலில் அரசுக்கோ அதன் உரிமை பெற்றவருக்கோ செல்வது மேல்வாரம். உழுதவனுக்கு நிற்பது குடிவாரம். வழிவழியாக வந்த நிலவுரிமை காணியாட்சி. காணியாளனின் நிலத்தைப் பயிரிட்டவரிலும் உள்குடி என்றும் பரகுடி என்றும் இரு வகை இருந்தனர். உள்குடியை வாரம் செலுத்தும்வரை எளிதில் எழுப்ப இயலாது. பரகுடியை அறுவடை முடிந்ததும் போகச் சொல்லலாம். சோழர் காலத்துச் செப்பேடுகள், உடும்பு ஓடும் மேட்டையும் ஆமை தவழும் பள்ளத்தையும் சேர்த்து நிலம் கொடுத்ததைச் சொல்வதோடு நில்லாமல், அதை விற்கும் உரிமையும் ஒற்றி வைக்கும் உரிமையும் உண்டா என்பதையும் தனியே எழுதி வைத்தன. ஒரு மண், அதன்மேல் மூன்று நான்கு பேருடைய வெவ்வேறு உரிமைகள்! இவர்களுக்கெல்லாம் கீழே, சேரியில் குடியிருந்த பண்ணையாளுக்குக் குடிசை நின்ற மனைகூடத் தன்னுடையது அன்று. மிராசுதாரர் கண் சிவந்தால் வீட்டோடு வெளியேற வேண்டியவன் அவன்.

ஆங்கிலேயர் கொணர்ந்த ‘ஃபிரீஹோல்டு’ என்ற சொல்லை முழுவுரிமை என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்கிறோம். அச்சொல்லுக்குள் இருப்பதோ ‘பிடித்திருத்தல்’ என்னும் பொருள்தான். இங்கிலாந்தின் பழஞ்சட்டப்படி நிலம் அனைத்தும் மன்னனுடையது. பிறர் எல்லாரும் அவனிடமிருந்து பிடித்திருப்பவர்களே. அடிமைக் குடிக்குரிய ஊழியம் இன்றிப் பிடித்திருப்பவன் கட்டற்ற பிடிமானமுடையவன், அவ்வளவே.

இதற்கு நம் நகரத்தைவிட வேடிக்கையான சான்று வேண்டியதில்லை. 1661-ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையால் பம்பாய்த் தீவு போர்ச்சுகல் அரச குடும்பத்திடமிருந்து இரண்டாம் சார்லசு மன்னனுக்குச் சீதனமாகச் சென்றது. 1668-இல் அவன் அதனை ஆண்டுக்குப் 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தான். அச்சாசனத்தில், கம்பெனி இத்தீவை இங்கிலாந்திலுள்ள கிழக்குக் கிரீனிச் பண்ணையைச் சேர்ந்த நிலம்போலப் பிடித்திருக்கும் என்று எழுதப்பட்டது. மாகிம் கழிமுகத்தில் வலை வீசிய கோலி மீனவர், தம் கடற்கரை ஏதோ ஒரு கிரீனிச் பண்ணையின் பகுதியாகிவிட்டதை அறிந்திருக்க மாட்டார்கள். பத்துப் பவுன் வாடகை கொடுக்கும் கம்பெனியே ஒரு குடித்தனக்காரன் என்றால், அதனிடமிருந்து நிலம் பெற்றவர்களை என்னவென்பது?

அதன்பின் இந்நகரில் விளைந்த நிலவுரிமை வகைகளை எண்ணினால் தலை சுற்றும். 1674-இல் ஆளுநர் ஆஞ்சியர், தீவுவாசிகள் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்துவது என்ற உடன்பாட்டின்பேரில் அவர்கள் நிலங்களை உறுதி செய்தார். அது ‘பென்ஷன்-டாக்ஸ்’ நிலமாயிற்று. போர்ச்சுகீசியர் காலத்துப் பண்ணையாரின் கீழ் இருந்தவை ஃபசேந்தாரி. இனாம் உண்டு, சனதி உண்டு, டோக்கா உண்டு. இவற்றுள் பலவற்றை 1969-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒழித்தது. எனினும் ஒன்றை மட்டும் இங்கே விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் நம் கேள்விக்கு நேரான விடை ஒருமுறை அதில் கிடைத்திருக்கிறது.

அதுதான் ‘ஃபோராஸ்’ நிலம். இன்று ஃபோராஸ் சாலை என்றால் நம்மவர் முகம் சுளிப்பர். அப்பெயர் அங்கே வந்த கதை நல்ல கதை. தீவுகளுக்கிடையே கடல் புகுந்து கிடந்த உவர்ச் சதுப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அணையிட்டுத் தடுத்தார்கள். வெளிப்பட்ட சேற்று நிலத்தைத் திருத்திப் பயிரிட முன்வந்தவருக்குக் கம்பெனி சிறு வாடகைக்கு அதைக் கொடுத்தது. அவர்கள் திருத்தினர், விதைத்தனர், மக்களுக்கு விட்டுச் சென்றனர், விற்கவும் செய்தனர். நகரம் வளர்ந்து அரசுக்கு நிலம் தேவைப்பட்டபோது வழக்கு எழுந்தது. “நீங்கள் எம் விருப்பம் உள்ளவரை இருக்கத்தக்க குடித்தனக்காரரே” என்றது அரசு. “சேற்றை நிலமாக்கியவர் நாங்கள்” என்றனர் மக்கள். நீண்ட வாதத்திற்குப்பின் 1851-இல் சட்டம் வந்தது. பழைய வாடகையைச் செலுத்தி வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன், அரசு தன் உரிமையை அந்நிலங்களைப் பிடித்திருந்தவர்களுக்கே விட்டுக்கொடுத்தது. சேற்றை மேடாக்கிய கைக்கு உரிமை உண்டு என்று, அயலார் ஆட்சியில், இதே தீவில், எழுத்து மூலமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாட்டுங்காவின் வரலாறு வேறு. 1896-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியபின் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. அது வடபகுதியில் வயலும் தோப்புமாக இருந்த தாதர், மாட்டுங்கா நிலங்களைக் கையகப்படுத்தி, சாலை வகுத்து, மனை பிரித்தது. அம்மனைகளை டிரஸ்டு குத்தகைக்கு விட்டதே பெருவழக்கு. சில 99 ஆண்டு, சில 999 ஆண்டு. பின்னர் 1933-இல் டிரஸ்டு மாநகராட்சியில் கலந்துவிட, குத்தகை வாங்கும் உரிமையும் மாநகராட்சிக்குப் போயிற்று. 999 ஆண்டு என்பது ஏறக்குறைய இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட காலந்தொட்டு இன்றுவரையுள்ள காலம். அதற்குமேல் கவலைப்படுவார் எவருமிலர். ஆனால் 1920-இல் எழுதிய 99 ஆண்டுக் குத்தகை 2019-இல் முடிந்துவிடும். பேரன் காலத்தில் நிலம் திரும்பிப் போகும் என்று அன்று கையெழுத்திட்டவர் எண்ணியிருப்பாரோ?

அத்தகைய கட்டடங்களிலும் பிறவற்றிலும் பகடி முறை தழைத்தது. முன்பணமாகப் பெருந்தொகை கொடுத்து நுழைபவர், அதன்பின் சொற்ப வாடகை செலுத்துவார். விட்டுப் போகும்போது வருகின்றவரிடம் பகடி பெற்று, அதில் மூன்றிலொரு பங்கு போல வீட்டுக்காரருக்குத் தருவார். 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதனைக் குற்றம் என்றது. ஊரே அக்குற்றத்தைச் செய்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒப்புக்கொண்டுவிட்டது. வழக்கம் சட்டத்தை வென்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

இனிச் செம்பூர். நான் வாங்க எண்ணிய வீடு நாற்பது ஆண்டுப் பழமையான கட்டடத்தில் உள்ளது. அதன் உரிமையாளர் எனக்குப் பெருமையோடு காட்டிய ஆவணம் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ். பங்கு ஒன்று 50 ரூபாய் வீதம் ஐந்து பங்குகள். ஆக 250 ரூபாய். கோடி ரூபாய் விலை சொல்லும் வீட்டுக்கு அதுவே மூலம். “நிலம் யார் பெயரில்?” என்று கேட்டேன். சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்றார். விசாரித்தபோது, கட்டியவர் அதைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை என்று தெரிந்தது. 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின்படி அவர் கொடுத்திருக்க வேண்டும். கொடாதவர் எண்ணிக்கை பெருகியதால், அவர் கையெழுத்தின்றியே அதிகாரி மாற்றித்தர வழிசெய்யும் திருத்தம் 2008-இல் வந்தது. அச்சங்கத்தார் அதற்கும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக முப்பது குடும்பங்கள் பிறர் மண்மேல் காற்றில் கட்டிய அறைகளில், சொந்த வீடு என்ற நிறைவோடு வாழ்ந்து வருகின்றன. அவர்களை நான் எள்ளவில்லை. அந்த நிறைவுக்காகத்தானே நானும் போனேன்!

இப்போது அந்த மூன்றாம் தாள். என் தந்தையார் ஊரைவிட்டு வந்து தாராவியில் தங்கினார். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களால் அங்கே தமிழ்க் குடியிருப்பு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. அவர்கள் எழுப்பிய பிள்ளையார் கோவில் 1913-ஆம் ஆண்டினது. தந்தையார் தமக்கு முன்னிருந்த ஒருவரிடம் பணம் கொடுத்து ஒரு குடிசை வாங்கினார். அதற்குச் சான்று ஒரு முத்திரைத் தாள். இளமையில் அதை வீட்டுப் பத்திரம் என்றே எண்ணியிருந்தேன். இவ்வாண்டு எடுத்துப் படித்தபோது, விற்கப்பட்ட பொருள்களாக அதில் இருந்தவை: தகரம் எத்தனை, சவுக்குக் கம்பு எத்தனை, ஒரு கதவு. நிலம் என்ற சொல்லே இல்லை. எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கிய என் தந்தையாருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. தம்முடையது அல்லாததைத் தம்முடையது என்று அவர்கள் எழுதவில்லை. அந்நேர்மை என்னைக் கலக்கியது.

அங்கே மண் என்று ஒன்று தொடக்கத்தில் இருக்கவும் இல்லை. மித்தி ஆற்றின் கழிமுகச் சதுப்பு அது. மழைக்காலத்தில் முழங்கால் நீர். குப்பை, கட்டட இடிபாடு, மரத்தூள், தேங்காய் மட்டை எனக் கிடைத்ததையெல்லாம் கொட்டி மேடாக்கினார்கள். என் தாயார் முந்தானையில் செங்கல் துண்டு சுமந்த கதையை இன்றும் சொல்வார். அப்படி உருவான ஏறத்தாழ 600 ஏக்கரின் பெரும்பகுதி மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் உரியது என்கின்றன ஆவணங்கள். ஃபோராஸ் நிலத்தவர் செய்ததையே இவர்களும் செய்தார்கள்; வேறுபாடு என்னவெனில், அவர்கள் முதலில் கேட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள்; இவர்கள் இறங்கிவிட்டுப் பின்னர்க் கேட்டார்கள். கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார் என்பது வேறு கேள்வி.

1971-ஆம் ஆண்டை இங்கே குறிப்பிடுவது தகும். அவ்வாண்டில் மராட்டிய அரசு குடிசைப் பகுதிச் சட்டம் இயற்றியது. அது பகுதிகளை மேம்படுத்தவும் அகற்றவும் மீளக்கட்டவும் வழி வகுத்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த வேளாண் தொழிலாளருக்கு அம்மனையையே உடைமையாக்கும் குடியிருப்புச் சட்டம் நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாக “வெளியே போ” என்ற சொல்லுக்கு அஞ்சியவர் அதன் பயனாக மனைக்கு உடையவராயினர். அவர்களுடைய உறவினரில் சிலர் அதற்குள் ரயிலேறித் தாராவிக்கு வந்துவிட்டிருந்தனர்.

அச்சொல்லின் வலிமையை உச்ச நீதிமன்ற ஏடு ஒன்றிலும் கண்டேன். நடைபாதைவாசிகள் வழக்கு என்று புகழ்பெற்ற ஓல்கா டெல்லிஸ் வழக்கின் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பை, சட்டம் பயின்றவர் வாழ்வுரிமைக்கான தீர்ப்பு என்று போற்றுவர். அதில் மனுதாரருள் ஒருவர் நம்மவர் என்பதைப் பலர் அறியார். சேலத்தில் நிலமற்ற கூலியாள். வறட்சியால் வேலையிழந்து 1961-இல் பம்பாய்க்கு வந்தவர். நாளுக்கு 23 ரூபாய்க் கூலிக்குத் தகிசர்ப் பகுதியில் ஒரு வேதிப்பொருள் ஆலையில் வேலை. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு மறைவுக்காக, குடிசைத் தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார். கணக்கிட்டுப் பாருங்கள்: நூறு நாள் கூலிக்கும் மேல். 1981 ஜூலை 23-இல் அது இடிக்கப்பட்டது. மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் அவரைச் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். குடும்பம் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மீண்டும் ஒரு நடைபாதைக் குடிசையில் ஒண்டிக்கொண்டார்.

தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் ஆயம் சொன்னது இரண்டு. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் கூறாகும். ஆனால் பொது நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை. உரிய அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அகற்றலாம். மழைக்காலம் கழியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அகற்றலாகாது என்று கருணையும் காட்டப்பட்டது. உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது, நிற்க இடந்தான் இல்லை.

இதைப் படித்தபின் நிலவுரிமையைப் பற்றிய என் எண்ணம் மாறியது. உடைமை என்றால் ஒருவனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு என்று நினைத்திருந்தேன். அது மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு. யார் யாரை “எழுந்து போ” என்று சொல்லலாம் என்பதே அதன் உட்பொருள். முழுவுரிமை, நெடுங்குத்தகை, குறுங்குத்தகை, வாடகை, அனுமதி, ஆக்கிரமிப்பு என்பவை, அச்சொல்லைச் சொல்வதற்கு முன் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்ற அளவின் படிகள். உச்சிப் படியில் இருப்பவனுக்கும் மேலே ஒருவர் உண்டு. வாரிசின்றி இறந்தால் நிலம் அரசுக்குப் போகும். பொதுக் காரியத்துக்கு வேண்டுமெனில் அரசு எடுத்துக்கொள்ளும். சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற தகுதியை 44-ஆம் திருத்தத்தால் 1979-இல் இழந்தது. சட்டத்தின் வழியன்றிப் பறிக்கலாகாது என்ற 300-ஏ பிரிவின் காப்பு மட்டும் எஞ்சியது.

அப்படியாயின் உட்கார்ந்தவனுக்கே இடம் என்று விட்டுவிடலாமா? என் அலுவலக நண்பர் ஒருவர் இதைத்தான் சற்றுச் சூடாகக் கேட்டார். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தவணை செலுத்தி வீடு வாங்கியவர் அவர். “சார், ஒழுங்காக வரி கட்டியவன் ஏமாளியா?” என்றார். இதை எளிதில் தள்ள முடியாது. நடைபாதையை 2,500 ரூபாய்க்கு விற்ற தாதாவும் உட்கார்ந்தவன்தான். வலியவன் முதலில் வந்து வேலி போட்டால் அதுவும் காலத்தால் உரிமையாகிவிடுமே! தனியார் நிலமானால் 12 ஆண்டு, அரசு நிலமானால் 30 ஆண்டு, உடையவருக்கு எதிராக வெளிப்படையாக ஆண்டுவந்தால் அவர் வழக்குரிமை அற்றுப்போகும் என்கிறது காலவரம்புச் சட்டம். ஆனால் தாராவி மக்கள் போட்டோ பாஸ் பெற்று, அதற்குரிய கட்டணம் செலுத்தி, அரசை உடையவராக ஒப்புக்கொண்டே வந்திருக்கிறார்கள். எதிர்த்து ஆண்டவனுக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. பணிந்து கட்டணம் கட்டியவனுக்கு அவ்வழி அடைபடுகிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

நண்பர் கேள்விக்கு நான் காணும் விடை இதுதான்: உட்கார்ந்ததால் உரிமை பிறப்பதில்லை, அங்கே இல்லாத ஒன்றை உழைத்து உண்டாக்கியதால் பிறக்கிறது. வேலி போட்டவன் எதையும் உண்டாக்கவில்லை. சதுப்பை மேடாக்கியவன் உண்டாக்கினான். 1851-இல் இவ்வேறுபாட்டைக் கண்ட சட்டத்துக்கு இன்று அது தெரியவில்லை. இன்றைய சட்டத்துக்குத் தெரிவதெல்லாம் தேதிதான். தாராவி மறுசீரமைப்புக்கு 2022-இல் ஏலம் முடிந்து, 2024-இல் வீடுவீடாக எண்ணிட்டுக் கணக்கெடுப்பும் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் வந்தவருக்கும் மாடியில் வாழ்பவருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைத் தவணைக்கோ. எங்கள் வீட்டில் கீழே தாயார் இருக்கிறார். மேலே, இரும்பு ஏணி வழியாக ஏறும் அறையில், தம்பியின் குடும்பம். ஒரே அடுப்பு. தாயார் தகுதியுடையவர், தம்பி தகுதியற்றவன். “நான் சுமந்த கல்லின் மேலதானே அவனும் இருக்கான்?” என்று தாயார் கேட்டதற்கு, கோப்புகளோடு இருபது ஆண்டு பழகிய எனக்கும் விடை தோன்றவில்லை.

எஞ்சியது ஊர் நிலம். அதுவொன்றே அப்பழுக்கற்ற சொந்தம் என்று நம்பியிருந்தேன். விற்பதற்காக வில்லங்கச் சான்றும் பழைய பதிவேட்டு நகலும் எடுத்தபோது, அது ஆதிதிராவிடருக்கென வழங்கப்பட்ட நிபந்தனை ஒப்படை என்று தெரிந்தது. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்கீர், சேரி மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் கையில் இருக்கும்வரை அம்மக்கள் நிமிர முடியாது என்பது அவர் கண்ட உண்மை. அதன் பயனாக 1892-இல் பிறந்தவை பஞ்சமி நிலங்கள். முதற் பத்தாண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் அவ்வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. அந்நிலங்களில் மிகப் பல, நிபந்தனை ஏட்டில் இருக்கவே, பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கேட்டு 1994-இல் செங்கற்பட்டில் நடந்த காரணைப் போராட்டத்தில், துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர்.

முதலில் எனக்கு வந்தது சினம். நல்ல விலை தருவதாகச் சொன்னவருக்கு என் நிலத்தை நான் விற்க இயலாதாம்! விற்கும் உரிமை இல்லாத உடைமை என்ன உடைமை? படித்தவன், அரசுப் பணியாளன், ஆராய்ந்து கையெழுத்திடத் தெரிந்தவன். என்னையும் சட்டம் இன்னும் சிறுபிள்ளையாகவே கருதுகிறதே என்று தாயாரிடம் குமுறினேன்.

அவர் சொன்ன செய்தி நான் அறியாதது. ஒரு பஞ்ச காலத்தில் என் பாட்டனார் வட்டிக்கடைக்காரருக்கு அந்நிலத்தை எழுதிக் கொடுக்கப் பதிவு அலுவலகம்வரை போனாராம். கணக்கர் பட்டாவைப் பார்த்துவிட்டு, இது செல்லாது என்று திருப்பி அனுப்பினாராம். “அன்னைக்குத் தாத்தா உன்னை மாதிரிதான் கோவப்பட்டாக” என்றார் தாயார். அன்று அவர் முழுவுரிமை உடையவராய் இருந்திருந்தால், நான் விற்பதற்கு இன்று நிலமே இராது. விற்கும் உரிமை என்பது இழக்கும் உரிமையும் ஆகும். எளியவனிடம் அவ்விரண்டாவது உரிமைதான் முதலில் செயற்படுகிறது. ஆயினும் தன் பொருளைத் தான் ஆளத் தகுதியற்றவன் என்று ஒரு வகுப்பையே ஏட்டில் எழுதி வைப்பதிலுள்ள அவமதிப்பு இதனால் மறைந்துவிடுமா? பாட்டனாருக்கு அது காப்பு. எனக்கு அது தளை. இரண்டும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்விரண்டில் எதைப் பெரிதெனக் கொள்வது என்று பலநாள் எண்ணியும் நான் முடிவுக்கு வரவில்லை. நிலம் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் மறுக்க இயலவில்லை.

செம்பூர் வீட்டுக்காரரிடம், சங்கம் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டபின் வருகிறேன் என்று சொல்லி, ஒப்பந்த நகலைத் திருப்பிக் கொடுத்தேன். அதுவரை வேறு எவரும் வாங்க மாட்டார் என்று எண்ணிவிட வேண்டாம் என்றார் அவர், உண்மைதான். தாராவிக் கணக்கெடுப்பில் தம்பியின் பெயர் விடுபட்டதற்கு முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மின் கட்டண ரசீதும் குடும்ப அட்டை நகலும் இணைத்தேன். தந்தையாரின் முத்திரைத் தாளையும், அதில் நிலம் என்ற சொல் இல்லை என்று தெரிந்தே, கடைசித் தாளாக வைத்தேன். ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குத் தொலைபேசியில் சொல்லி, நிலுவையிலிருந்த தீர்வையைக் கட்டச் செய்தேன். ரசீது சென்ற வாரம் வந்தது. பட்டாதாரர் பெயர் என்ற இடத்தில் இன்னும் பாட்டனாரின் பெயரே இருக்கிறது.